ரிக்கற் மாறினால் விசாவையும் பாருங்கள்

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். முருங்கையிலைத் தூள், ஒடியல் மா, பனங்கட்டி என்று பொதிசெய்து விற்கும் சிறுதொழில். ஒன்பது பெண்கள் அவரிடம் வேலை செய்கிறார்கள். நாலு பக்கக் கடிதம், சுருக்கித் தருகிறேன்:

"வணக்கம் ஐயா. பாரிஸ் லா சப்பலில் கடை வைத்திருக்கும் எங்கட ஆக்கள் சிலர் என் சாமான்களை எடுக்க விரும்பினார்கள். நேரில் வந்து கதைக்கச் சொல்லி அழைப்புக் கடிதமும் அனுப்பினார்கள். பிரான்ஸ் விசா கிடைத்தது. 2025 ஜூன் 24 விடியப்புறம் வளைகுடா வழியாகப் போற விமானம். முதல்நாள் மத்தியானமே வான் பிடித்துக் கட்டுநாயக்கா போய்விட்டேன். அன்று இரவு கட்டாரில் வான்வெளியை மூடிவிட்டார்கள் என்று விமானத்தை இரத்துச் செய்தார்கள். ஏஜென்சிக்காரர் பாடுபட்டு அடுத்தநாள் லண்டன் வழியாக வேறு ரிக்கற் மாற்றித் தந்தார். கவுண்டரில் நின்ற பிள்ளை என் பாஸ்போட்டைப் பார்த்துவிட்டு, லண்டனில் விமானம் மாற விசா இல்லை, ஏத்த ஏலாது என்றாள். நான் லண்டனுக்கே போகவில்லை, பிரான்ஸ் விசா கையில் இருக்கு என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இரண்டு பெட்டிச் சாமானோடு திரும்பி வந்தேன். வான் காசு, ரிக்கற் காசு, கடன். பிழை யாரில? காசு திரும்ப வருமா? வாற கார்த்திகைக் கடைசியில் பொதிசெய்யும் மெசின் பார்க்கக் கோயம்புத்தூர் போகவேண்டும். சித்திரைக்குப் பிறகு திரும்பவும் பாரிஸ். ஒவ்வொரு நாடும் மாதத்துக்கு ஒரு சட்டம் மாத்துது. எங்களைப் போல ஆக்கள் இதை எப்படிச் சமாளிக்கிறது?"

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு பெட்டியோடு கட்டுநாயக்கா வாசலில் நின்ற அந்த விடியற்காலை எனக்குத் தெரியும். வவுனியாவில் ரிக்கற் மேசையில் இருந்த இத்தனை வருடத்தில், அந்த வாசலில் இருந்து எனக்கு வந்த அழைப்புகள் கொஞ்சமல்ல.

முதலில் கசப்பான பதில். கவுண்டரில் நின்ற பிள்ளை செய்தது சரி. இலங்கைக் கடவுச்சீட்டோடு போகிறவர் லண்டனில் விமானம் மாறுவதென்றால், குடிவரவைத் தாண்டி வெளியே வராமல் உள்ளேயே இருந்து மாறினாலும், பிரித்தானியாவின் ட்ரான்சிட் விசா வேண்டும். அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து விசா வைத்திருப்பவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. உங்களிடம் இருந்த பிரான்ஸ் விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான குறுகியகால ஷெங்கன் விசா, அந்த விதிவிலக்கில் சேராது. பாரிஸுக்குக் கதவு திறந்திருந்தது, போகும் வழியில் இருந்த படலை பூட்டியிருந்தது.

அந்தப் பிள்ளை தன் எண்ணத்துக்கு உங்களை மறிக்கவும் இல்லை. பத்திரம் குறைந்த பயணியை ஏற்றிக்கொண்டு போனால் விமான நிறுவனம் அபராதம் கட்டவேண்டும், திருப்பிக் கொண்டுவரும் செலவும் அவர்கள் தலையில். அதனால் கவுண்டரில் டிமாற்றிக் என்ற தரவுத்தளத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு, எங்கே இறங்குகிறார், எங்கே மாறுகிறார் என்று கொடுத்தால் அது ஆம், இல்லை சொல்லிவிடும். உங்கள் பயணத்தின் முதல் எல்லை பாரிஸில் இல்லை தங்கச்சி, அந்தக் கவுண்டரில்தான் இருக்கிறது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் நின்று பழகிய சனம் நாங்கள். ஒரு துண்டு குறைந்தால் அழுதும் பயனில்லை, திரும்பத்தான் வேணும் என்பதை எங்களுக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை.

அப்படியென்றால் பிழை யாரில்? வான்வெளி மூடியது உங்கள் பிழையும் இல்லை, ஏஜென்சியின் பிழையும் இல்லை. ஜூன் 23 இரவு போர்ப் பதற்றத்தால் கட்டாரும் அயல்நாடுகள் சிலவும் சில மணித்தியாலம் வான்வெளியை மூடின. மூடியது கொஞ்ச நேரம்தான், ஆனால் அந்த விமான நிலையங்கள் உலகத்தையே சந்தி கட்டி வைத்திருப்பவை. பிந்திய விமானங்கள் ஒழுங்குக்கு வர நாட்கணக்கானது. பிழை அதற்குப் பிறகு நடந்தது. மாற்றிய ரிக்கற்றை எல்லோரும் பழைய பயணத்தின் தொடர்ச்சி என்றே நினைத்துவிட்டீர்கள். வழி மாறிய அந்த நிமிடமே அது புதுப் பயணம். அதைச் சொல்லவேண்டிய கடமை ரிக்கற் மாற்றியவருக்கு இருந்தது. எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்: ஆசனம் கிடைத்த சந்தோசத்தில் ட்ரான்சிட்டைப் பார்க்க மறக்காதீர்கள்.

இனிமேல் யாராவது "வேறு வழியாக அனுப்புகிறோம்" என்றால், ஓம் சொல்வதற்கு முன் கேளுங்கள்: எந்த ஊரில் மாறுகிறேன், அங்கே என் கடவுச்சீட்டுக்கு ட்ரான்சிட் விசா வேணுமா, இரண்டும் ஒரே ரிக்கற்றா அல்லது தனித்தனியா? கடைசிக் கேள்வியைச் சின்னதாக நினைக்காதீர்கள். தனித்தனி ரிக்கற் என்றால் இடையில் பெட்டியை எடுத்துத் திரும்பப் போடவேண்டி வரும். பெட்டி எடுக்க வெளியே வரவேண்டும், வெளியே வர அந்த நாட்டு விசாவே வேண்டும். மலிவு என்று தனித்தனியாக வாங்கி மாட்டுப்பட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். முதல் விமானம் பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களைத் தெரியவே தெரியாது.

லண்டன் மட்டும் இப்படி என்று எண்ணவேண்டாம். ஷெங்கன் நாடுகளிலும் விமான நிலையத்துக்குள் மாறுவதற்கே விசா வேண்டும் என்று 12 நாடுகளின் பொதுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் இலங்கையும் ஒன்று. ஷெங்கன் விசா கையில் இருந்தால் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பிராங்பேர்ட் வழியாக வேறெங்காவது போகிற உங்கள் சொந்தக்காரருக்கு இருக்கலாம், சொல்லி வையுங்கள்.

காசு விசயத்துக்கு வருவோம். முதல் விமானத்தை இரத்துச் செய்தது நிறுவனம், நீங்கள் அல்ல. பறக்காத ரிக்கற்றுக்குப் பணம் திரும்பக் கேட்க அதுதான் உங்கள் பிடி. நீங்கள் வராமல் விட்டதாகக் கணக்கில் பதிந்திருந்தால் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவோம் என்பார்கள். அதனால் ஏஜென்சியிடம் ரிக்கற் வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனமே வழியை மாற்றியது என்று அதில் இருக்கவேண்டும். இதை நாங்கள் தொழிலில் 'இன்வொலன்ரறி ரீரூட்' என்போம். அந்தச் சொல்லைப் போட்டு எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் கேட்டால் காற்றோடு போகும். வான் காசு கிடைக்கும் என்று நான் நம்பிக்கை தரமாட்டேன். விசாவுக்காக எடுத்த காப்புறுதியையும் கனபேர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். ஷெங்கன் விசாவுக்குக் கட்டாயமான அந்த 30,000 யூரோ காப்புறுதி வைத்தியத்துக்கும் அவசர ஆபத்துக்கும் உரியது. விமானம் இரத்தானால் நட்டஈடு வேண்டுமென்றால் அதற்கெனத் தனிப்பிரிவு சேர்க்கவேண்டும். சேர்த்தாலும் போர் காரணமான இழப்பைப் பல ஒப்பந்தங்கள் ஒதுக்கிவைக்கும். கையெழுத்திடுமுன் அந்தப் பக்கத்தை வாசியுங்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261 ஆம் இலக்க ஒழுங்குவிதி என்று ஒன்று இருக்கிறது. பாரிஸில் இருந்து நீங்கள் திரும்பும்போது எந்த நாட்டு விமானத்தில் ஏறினாலும் அது உங்களைப் பாதுகாக்கும். நிறுவனத்தின் பிழையால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிந்திப் போய்ச் சேர்ந்தால், 3,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 600 யூரோ வரை நட்டஈடு கேட்கலாம். வான்வெளி மூடியது போன்ற காரணமென்றால் நட்டஈடு இல்லை. ஆனால் சாப்பாடு, தங்க இடம், மாற்று விமானம் அல்லது பணம் தந்தே ஆகவேண்டும். இங்கிருந்து போகும்போது ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாக இருந்தால் மட்டும் இந்த விதி பொருந்தும். ஜூனில் நீங்கள் பட்டதற்கு அது உதவாது. சித்திரைக்குப் பிறகு போகும்போது நினைவில் வையுங்கள்.

இனிக் கோயம்புத்தூர். அது கிட்டடி அலுவல், அதைத்தான் விரிவாகச் சொல்லவேண்டும்.

மெசின் பார்த்து விலை பேசுவது வியாபார அலுவல். சுற்றுலா விசாவில் போகாதீர்கள். இந்தியாவின் இ-பிஸ்னஸ் விசா இலங்கையருக்குக் கிடைக்கும். ஒரு வருடத்துக்குச் செல்லுபடி, பல தடவை போய் வரலாம். ஒரு பயணத்தில் மெசின் வாங்கி முடியாது, பழுது பார்க்க, பழகவென்று இன்னும் இரண்டு தரமாவது போவீர்கள், அதனால் இதுதான் உங்களுக்குத் தோது. மெசின் கம்பனியிடம் அவர்களின் கடிதத் தலைப்பில் ஒரு அழைப்பு எடுங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும், இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்கவேண்டும். இ-விசா எல்லா வாசலிலும் செல்லாது, குறித்த விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும்தான். சென்னையும் திருச்சியும் அதில் இருக்கின்றன.

இதில் ஒரு புதுச் சட்டம். 2025 ஒக்டோபர் 1 முதல் இந்தியாவுக்குள் போகும் வெளிநாட்டார் இணையத்தில் இ-அரைவல் கார்ட் நிரப்பவேண்டும். இறங்குவதற்கு முந்திய 72 மணித்தியாலத்துக்குள் நிரப்புவது, அது இலவசம். விசா வேறு, இது வேறு. இரண்டும் வேண்டும். தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் என்று எல்லா இடமும் இதே மாதிரிக் கார்ட் வந்துவிட்டது, எல்லாம் மூன்று நாள் கணக்குத்தான், எல்லாம் இலவசம்தான். காசு கேட்கிற இணையத்தளம் என்றால் அது அரசாங்கத்தினது அல்ல. கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பது சிலவேளை அந்தக் காசு பிடுங்கும் தளங்கள்தான். முகவரியின் முடிவில் அரசாங்கத்துக்குரிய அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடவுச்சீட்டு இலக்கத்தை அடியுங்கள்.

வழியைப் பற்றி என் எண்ணம்: கட்டுநாயக்காவை விடுங்கள், யாழ்ப்பாணத்துப் பலாலியில் ஏறுங்கள். 2024 செப்ரெம்பரில் இருந்து இன்டிகோ சென்னைக்கும், 2025 மார்ச் கடைசியில் இருந்து திருச்சிக்கும் யாழ்ப்பாணத்தில் இருந்து பறக்கிறது. கோயம்புத்தூர் போகிற உங்களுக்குத் திருச்சிதான் கிட்ட. சென்னையில் இறங்கினால் திரும்ப 500 கிலோமீற்றர் ஓடவேண்டும். திருச்சியில் இருந்து பஸ்ஸில் போய்ச் சேரலாம். பலாலியில் ஒரு குறை உண்டு. கட்டுநாயக்காவில் ஒரு விமானம் போனால் அடுத்ததைப் பிடிக்கலாம். பலாலியில் அது சின்ன விமானம், வந்ததே திரும்பும், வராவிட்டால் அன்று இல்லை. ஆகவே மெசின் கம்பனியோடு சந்திப்பை இறங்கிய அன்றைக்கு வைக்காதீர்கள். ஒருநாள் இடைவெளி விடுங்கள். காங்கேசன்துறை - நாகபட்டினம் கப்பலைப் பற்றியும் கேட்பீர்கள். 2023 ஒக்டோபர் 14 இல் தொடங்கி சில நாளிலேயே காலநிலையால் நின்றது. 2024 ஓகஸ்ட்டில் திரும்ப ஓடி, அந்த மாரியில் மறுபடி நின்றது. சாமான் கொண்டுவர நல்ல வழி, ஆனால் கார்த்திகைக் கடலை நம்பித் திகதி குறிக்கவேண்டாம்.

வானத்தில் நடப்பதைவிட எங்கள் றோட்டில் நடப்பதுதான் எனக்குக் கூடுதல் பயம். கார்த்திகை, மார்கழி என்றால் உங்களுக்கே தெரியும். 2018 மார்கழியில் இரணைமடு நிரம்பிக் கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் எப்படிக் கிடந்தன? விசுவமடு, தருமபுரம் வழியாகப் பரந்தனுக்கு ஏறுவது உங்கள் வழமையான வழி. அந்தப் பக்கம் தண்ணி என்றால் ஒட்டுசுட்டான், மாங்குளம் போய் ஏ9 இல் ஏறலாம். அதற்கு ஒரு மணித்தியாலம் கூடுதலாக வையுங்கள். முதல்நாள் பின்னேரமே அனர்த்த முகாமைத்துவத்தின் 117 க்கு எடுத்துக் கேட்டுவிடுங்கள். மழை விடாமல் பெய்தால் அன்றிரவே யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் போய்ப் படுங்கள். வான்காரத் தம்பிமார் "விடியச் சாமம் எடுத்தால் போதும் அக்கா" என்பார்கள். முறிகண்டியில் நிப்பாட்டிக் கும்பிட்டு, கடலை வாங்கி, தேத்தண்ணி குடித்துப் போகிற கணக்கு மாரியில் சரிவராது.

இன்னொரு விசயம் உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் நான் கேட்டே ஆகவேண்டும். உங்கள் பெயர் எல்லாப் பத்திரத்திலும் ஒரே எழுத்தா?

வன்னியில் இது சின்னக் கேள்வி அல்ல. 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் பிறகு நடமாடும் சேவைகளில் அவசரத்தில் எடுத்தவை. ஆங்கிலத்தில் எழுதியவர் தனக்குத் தெரிந்தபடி எழுதினார். 'தர்ஷினி' என்றால் ஒன்றில் 'டி' யில் தொடங்கும், இன்னொன்றில் 'ரி, எச்' இல் தொடங்கும். நடுவில் ஒரு 'எச்' இருக்கும் அல்லது இருக்காது. சில வருடத்துக்கு முன் மல்லாவியில் இருந்து ஒரு ஐயா வந்தார், மகனைப் பார்க்கச் சிங்கப்பூர் போக. பெயரை வாயால் சொன்னார், நான் அடையாள அட்டையைப் பார்த்து ரிக்கற் போட்டேன். கடவுச்சீட்டில் தகப்பன் பெயரில் ஒரு 'ஏ' கூட இருந்தது. இரவு இரண்டு மணிக்குக் கட்டுநாயக்காவில் இருந்து எடுத்தார். "தம்பி, ஒரு எழுத்தாம்" என்றார். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திருத்தி ஏற்றிவிட்டோம், ஆனால் ஒருநாள் பிந்தி. அன்றிலிருந்து கடவுச்சீட்டின் முகப்புப் பக்கத்தைக் கண்ணால் காணாமல் நான் யாருக்கும் ரிக்கற் போடுவதில்லை. நீங்களும் கீழே இரண்டு வரியில் அம்புக்குறிகளோடு இருக்கிற எழுத்தைப் பார்த்து, அதன்படி ரிக்கற், விசா, காப்புறுதி, அழைப்புக் கடிதம் நாலையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் ரிக்கற் வாங்கமுன் திருத்துங்கள். கடவுச்சீட்டிலேயே பிழை என்றால் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. வவுனியாவில் குடிவரவு அலுவலகம் இருக்கிறது, 2025 செப்ரெம்பர் 1 இல் யாழ்ப்பாணத்திலும் திறந்திருக்கிறார்கள்.

பாரிஸுக்கு இரண்டாம் தரம் போவதைப் பற்றி. பழைய விசாவில் முத்திரை விழவில்லை என்பது உங்களுக்குக் கெடுதல் ஆகாது, நீங்களாகவே சொல்லிவிட்டால். விமானம் இரத்தான கடிதத்தை நிறுவனத்திடம் வாங்கி விண்ணப்பத்தோடு வையுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குப் பிந்தக்கூடாது. கோடை நெருங்க நெருங்கச் சந்திப்பு நேரம் கிடைக்காது, ஆகவே தைப்பொங்கல் முடிந்த கையோடு போடுங்கள். கட்டணம் 90 யூரோ. கடைகளுடன் நிரந்தரமாக வியாபாரம் செய்யப்போகிறேன் என்று விளக்கிப் பல தடவை நுழையும் விசா கேளுங்கள், கேட்பதில் பிழையில்லை. விண்ணப்பம் முடிந்து விசா கையில் வரும்வரை திருப்பிக் கொடுக்கமுடியாத ரிக்கற் வாங்கவேண்டாம். நேரே பாரிஸுக்குப் போகிற விமானம் விலை கூட என்றாலும் உங்களுக்கு நான் சொல்லுவது அதுதான். மாறுகிற இடம் இல்லையென்றால் மாட்டுப்படுகிற இடமும் இல்லை.

அங்கே இறங்கும்போதும் ஒரு மாற்றம். ஷெங்கன் எல்லைகளில் 2025 ஒக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாக முகத்தையும் கைரேகையையும் பதிவுசெய்யும் முறை படிப்படியாக வரத் தொடங்கியது. 2026 ஏப்ரல் 10 இல் எல்லா வாசலிலும் முழுமையாகும் என்று அறிவித்திருக்கிறார்கள். நீங்கள் போகிற காலம் அதுவாகத்தான் இருக்கும். வரிசை நீளலாம். இறங்கி இரண்டு மணித்தியாலத்தில் சந்திப்பு வைக்காதீர்கள். உள்ளே போன நாளும் வெளியே வந்த நாளும் இனிக் கணினியில் நிற்கும், எந்த 180 நாளிலும் 90 நாள் என்ற கணக்கில் ஒருநாள் தவறினாலும் தெரியும்.

மாதத்துக்கு ஒரு சட்டம் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். எங்கள் நாடே 2025 ஒக்டோபர் 15 முதல் வருகிற வெளிநாட்டார் எல்லோரும் முன்கூட்டியே இ-ரி-ஏ என்ற இணையப் பயண அனுமதி எடுக்கவேண்டும் என்று அறிவித்து, பிறகு நிறுத்திவைத்தது. உங்கள் பாரிஸ் கடைக்காரர் புதுக்குடியிருப்புக்கு வந்து பார்க்க விரும்பினால் இதை அவரிடமும் சொல்லுங்கள். ரிக்கற் வாங்கும்போது ஒரு தரம், இரண்டு கிழமைக்கு முன் ஒரு தரம், மூன்று நாளுக்கு முன் ஒரு தரம் அந்தந்த நாட்டு அரசாங்கத் தளத்தைப் பாருங்கள். வாட்சப்பில் வந்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். பார்த்த பக்கத்தைத் திகதி தெரிய அச்சடித்து வையுங்கள். தொலைபேசி சார்ஜ் இறங்கிக் கவுண்டரில் திண்டாடியவர்களைக் கண்டதால் சொல்கிறேன். விசா, ரிக்கற், காப்புறுதி, அழைப்புக் கடிதம் எல்லாம் தாளில் ஒரு கோவையில், கைப்பையில். பெட்டிக்குள் வைக்கவேண்டாம்.

மாதிரிச் சாமானை இந்த முறை இரண்டு பெட்டியாகத் தூக்காதீர்கள். விற்பனைக்கான உணவு மாதிரியைச் சுங்கம் மறிக்கலாம், விமானம் மாறினால் பெட்டி வேறெங்காவது போய்விடும். கடைக்காரரின் பெயருக்கு முன்கூட்டியே கூரியரில் பட்டியலோடு அனுப்பிவிட்டு, கையில் அரைக்கிலோ மட்டும் கொண்டுபோங்கள்.

இந்தக் கிழமைக்குள் இரண்டு வேலை செய்யுங்கள். ஏஜென்சியிடம் ரிக்கற் வரலாற்றைக் கேட்டுப் பணம் திரும்பக் கேட்கும் கடிதத்தை அனுப்புங்கள், ஏற்கனவே நாலு மாதம் போய்விட்டது. மற்றது, உங்கள் கடவுச்சீட்டில் எத்தனை பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நிறுவனம் மறுத்துப் பதில் போட்டால் அந்தப் பதிலை அப்படியே எனக்கு அனுப்புங்கள். அடுத்த கடிதத்தை இருவரும் சேர்ந்து எழுதுவோம்.